கேரம் பழக வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்த்துக்கொண்டு கேரம் ஆடுகிறவர் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: நன்றாக ஆட வேண்டுமென்றால் இதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. பதில் சுருக்கமானது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம். ஐந்து நாள், நாளுக்கு அரை மணி தனியாகப் பழக வேண்டும். ஒரு நாள் இரண்டரை மணி நேரம் தகுந்த எதிராளியோடு முழு ஆட்டம் ஆட வேண்டும். ஆயுத பூஜையை ஒட்டித் தொழிற்சாலைகளில் நடக்கும் போட்டியிலும், வட்டார மன்றங்கள் நடத்தும் போட்டியிலும் மதிப்போடு ஆட இது போதும். இதைவிட அதிக நேரத்தைப் பலர் ஏற்கெனவே போர்டின் முன் செலவழிக்கிறார்கள். ஆனாலும் போன வருடம் தவறவிட்ட அதே கட் ஷாட்டை இந்த வருடமும் தவறவிடுகிறார்கள். நேரம் போதவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரம் எப்படிக் கரைகிறது என்று எண்ணிப் பார்த்தால் உண்மையான காரணம் தெரியவரும்.

உட்கார்ந்த நேரமும் அடித்த நேரமும்

மாலை ஏழு மணிக்குத் தெருமுனை போர்டில் உட்கார்ந்து ஒன்பது மணிக்கு எழுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம் கேரம் ஆடினேன் என்றுதான் அவர் சொல்வார். ஆனால் அது நால்வர் ஆடும் ஆட்டம். காய் அடுக்குவது, பவுடர் தூவுவது, மைனஸா இல்லையா என்ற வாக்குவாதம், நடுவில் ஒரு டீ என்று முப்பது நிமிடத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் 90 நிமிடத்தை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22 நிமிடம்தான் வரும். தோற்ற ஜோடி எழுந்து அடுத்த ஜோடிக்கு இடம் தர வேண்டும் என்ற வழக்கம் இருக்கிற இடத்தில் அதுவும் பாதியாகும். அந்தச் சில நிமிடங்களிலும் எந்த அடி வரும் என்று தீர்மானிக்கிறது போர்டில் காய்கள் கிடக்கும் கிடை. உங்களுக்கு வராத டபுள் ஷாட் ஓர் இரவில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். வந்து தவறினால் திருப்பி அடிக்க முடியாது. ஸ்ட்ரைக்கர் அடுத்தவர் கைக்குப் போய்விடும். எங்கே பிழைத்தது என்று கைக்குத் தெரிவதற்குள் வாய்ப்பு முடிந்துவிடுகிறது.

இதே ஆள் அரை மணி தனியாக உட்கார்ந்தால் என்ன ஆகும்? காயைத் திரும்ப எடுத்து வைக்கும் நேரத்தையும் சேர்த்து ஓர் அடிக்கு 20 வினாடி என்று தாராளமாகவே வைத்தாலும், அரை மணியில் 90 அடி அடிக்கலாம். அந்த 90 அடியும் தேவையான அடிகளாக இருக்கும். தவறிய அடியை அதே இடத்தில் காயை வைத்து உடனே மறுபடி அடிக்கலாம். ஸ்ட்ரைக்கரை அரை விரல் தள்ளி வைத்தால் காய் எங்கே போகிறது என்று பார்க்கலாம். கூட்டத்தில் ஆடும் இரண்டு மணி நேரம் தராத ஒன்றைத் தனியாகப் பழகும் அரை மணி தருவது இப்படித்தான். அதனால் உங்கள் கணக்குப் புத்தகத்தில் மணியை எழுதாதீர்கள், அடியை எழுதுங்கள்.

பூல், ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். சென்னையில் அந்த மேசைகளுக்கு மணிக் கணக்கில் வாடகை கட்ட வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய மணியில் வெட்டிப் பேச்சுக்கு இடம் குறைவு. கேரம் போர்டுக்கு வாடகை கிடையாது. மன்றத்திலோ நண்பர் அறையிலோ அது சும்மா கிடைக்கிறது. சம்பளக்காரர்களின் ஆட்டமாகக் கேரம் வளர்ந்ததற்கு அந்த மலிவே பெரிய காரணம். ஆனால் சும்மா கிடைக்கும் பொருளின் அளவை யாரும் பார்ப்பதில்லை. பூல் ஆடுகிறவர் வாடகைக்காகக் கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டைக் கேரம் ஆடுகிறவர் தானாக முன்வந்து கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாரத்தில் மிஞ்சுவது

ஐந்து மணி நேரம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலைக்கு வகுத்த வார வரம்பு 48 மணி நேரம். ஆறு நாளும் அரை மணி இடைவேளை என்றால் மூன்று மணி. நாளுக்கு ஏழு மணித் தூக்கம் என்று 49. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வீடு இருந்து, மின்சார ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலோ கம்பெனிப் பேருந்திலோ போகிறவருக்குப் போக வர இரண்டரை மணி ஆகும் என்று வைத்தால் ஆறு நாளுக்கு 15. குளியல், சாப்பாடு, துணி என்று நாளுக்கு மூன்று மணி, ஆக 21. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 32 மணி நேரம். பிள்ளைகளின் படிப்பு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, உறவினர் வீட்டு விசேஷம், செல்போன், சும்மா சாய்ந்து கிடக்கும் ஓய்வு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அந்த 32இல் ஆறில் ஒரு பங்கை ஓர் ஆட்டத்துக்குக் கொடுப்பது கணிசமான அர்ப்பணிப்பு. அதற்கு மேல் கொடுத்தால் அது தூக்கத்திலிருந்தோ வீட்டிலிருந்தோதான் பிடுங்கப்படும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டிலும் ஓவர்டைமிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதை மறைக்கக் கூடாது. ஆறு நாளும் நான்கு மணி கூடுதலாக உழைக்கிறவருக்கு 32இல் 24 போய் எட்டுதான் மிஞ்சுகிறது. எட்டு மணியில் ஐந்தைக் கேரத்துக்குக் கொடு என்று சொல்வது ஒரு வழிகாட்டி நூல் சொல்லக்கூடிய யோசனையாகாது. அப்படிப்பட்டவர் வாரத்துக்கு மூன்று அரை மணிகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். முன்னேற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும். மணி குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது கூட்டத்தில் ஆடும் நேரத்தை. தனியாகப் பழகும் நேரத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

ஏன் அரை மணி, ஏன் தினமும்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்துவிட்டால் என்ன, கூட்டினால் அதே ஐந்துதானே என்று கேட்கலாம். இதற்கு விடை தரும் மிக நல்ல சான்று உழைக்கும் மனிதர்களைக் கொண்டே கிடைத்தது. பிரிட்டனில் ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அது. அஞ்சல் பிரிக்கும் எந்திரத்துக்காகத் தட்டச்சு கற்க வேண்டியிருந்த 72 தபால்காரர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. இன்னொரு குழு காலையில் இரண்டு, பிற்பகலில் இரண்டு என்று நான்கு மணி நேரம் பழகியது. விசைகளைக் கற்றுத் தேற முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் போதுமாயிருந்தது. நான்கு மணிக் குழுவுக்குச் சுமார் 50 மணி தேவைப்பட்டது. விரலால் செய்யும் நுட்பமான வேலையைச் சிறிது சிறிதாகப் பிரித்துப் பழகினால் மொத்த நேரமே குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேரமும் விரல் நுனி வேலைதான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நாளுக்கு ஒரு மணி பழகியவர்களுக்குத்தான் தங்கள் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு நாட்கள் அதிகம் பிடித்தன. உங்களுக்கும் முதல் மாதம் அப்படித்தான் தோன்றும். அந்த அதிருப்தியை நம்பித் திட்டத்தை மாற்றிவிடாதீர்கள்.

நாட்களாகப் பிரிப்பதில் இன்னொரு லாபம் இரவுத் தூக்கம். மாத்யூ வாக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டிப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு, கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தார்கள். காலையில் பழகித் தூங்காமல் மாலையில் சோதிக்கப்பட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. பழகியது கையில் படிய ஒரு தூக்கம் தேவைப்படுகிறது. ஐந்து நாள் பழகினால் ஐந்து தூக்கம் உங்கள் பக்கம் வேலை செய்யும்; ஞாயிறு மட்டும் பழகினால் ஒன்றுதான். தூக்கத்தை வெட்டிக் கேரம் ஆடுகிறவர் பழகியதைப் பழகிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

இதிலிருந்து ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு தெளிவான விதி கிடைக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்ததும் போர்டைத் தொடாதீர்கள். நேராகப் படுங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புமுன் அந்த அரை மணியை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்டில் இருப்பவர் மாலையில் பழகலாம். மதிய ஷிப்டில் இருப்பவருக்குக் காலை பத்து மணி நல்ல நேரம். கடிகார நேரத்தைப் பிடித்துக்கொள்ள முயன்றால் ஷிப்டு மாறும் ஒவ்வொரு வாரமும் பழக்கம் உடைந்துவிடும். அதனால் ஏதாவது ஒரு செயலோடு அதைக் கட்டிவையுங்கள்: தூங்கி எழுந்து டீ குடித்ததும் கேரம், அல்லது வேலை முடிந்து குளித்ததும் கேரம். ஷிப்டு மாறும் முதல் இரண்டு நாள் உடல் தடுமாறும். அந்த நாட்களில் பதினைந்து நிமிடம் போதும். இரும்பு உருட்டாலைகளிலும் பட்டறைகளிலும் கிரைண்டர் பிடிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிர்வினால் விரல் மரத்துப்போயிருக்கும்போது ஸ்ட்ரைக்கரின் எடை கைக்குத் தெரியாது. கையைக் கழுவித் துடைத்து, விரலை நீட்டி மடக்கி, உணர்வு முழுதாகத் திரும்பிய பிறகே உட்காருங்கள். மரத்துப்போன கையோடு பழகினால் தப்பான விசைதான் பழகும்.

அந்த அரை மணியில் செய்ய வேண்டியது

முதல் பத்து நிமிடம் நேர் அடி. அடுத்த பத்து நிமிடம் கட் ஷாட், இடமும் வலமும் மாற்றி மாற்றி. பிறகு ஐந்து நிமிடம் உங்களுக்கு வராத ஒரே ஓர் அடி. டபுளாக இருக்கலாம், பேஸ் லைனுக்குக் கீழே கிடக்கும் காயாக இருக்கலாம். கடைசி ஐந்து நிமிடம் ரெட்டும் ஃபாலோவும். ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோவுக்குக் காய் இல்லாமல் முழிப்பதில் பல ஆட்டங்கள் கை நழுவுகின்றன. ஆகவே ரெட்டை அடிக்குமுன் ஃபாலோ காயைத் தேர்ந்துவிட்டு அடிக்கும் பழக்கத்தை இங்கேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வகையிலும் இருபது அடிக்கு எத்தனை விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டு, ஒன்பது, எட்டு, பதினொன்று என்று அந்த எண்கள் நகர்வதுதான் முன்னேற்றத்துக்கு நம்பத்தக்க சாட்சி. நண்பரைத் தோற்கடித்தது சாட்சி ஆகாது. அன்றைக்கு அவருக்குத் தலைவலியாக இருந்திருக்கலாம்.

ஒரே இடத்தில் காயை வைத்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். கெர், பூத் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஒரு சோதனையில், எட்டு வயதுப் பிள்ளைகள் சிறு பைகளை இலக்கில் எறிந்து பழகினார்கள். ஒரு குழு மூன்று அடி தூரத்திலிருந்து மட்டும் எறிந்தது. இன்னொரு குழு இரண்டு அடியிலிருந்தும் நான்கு அடியிலிருந்தும் எறிந்தது. பிறகு எல்லோரையும் மூன்று அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் பழகியே இராத இரண்டாவது குழுதான் நன்றாக எறிந்தது. தூரம் மாறும்போது கை விசையை அளக்கக் கற்றுக்கொள்கிறது. போட்டிப் போர்டின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, காய் ஐந்து முதல் ஐந்தரை கிராம். இவ்வளவு சிறிய களத்தில் விசை கொஞ்சம் கூடினாலும் காய் பாக்கெட்டின் விளிம்பில் மோதி வெளியே வந்துவிடும். ஆகவே மூன்று முறை அடித்ததும் காயின் இடத்தை மாற்றுங்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது வலுவானதுதான். சர்வதேச விதிப்படி ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு; மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மூன்று ஆட்டமும் நீண்டால் 24 போர்டு. போர்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம் ஆகிறது. அரை மணி பழகியவர் இரண்டு மணி நேரக் கவனத்துக்கு எங்கே போவார்? வாரத்தில் ஒரு நாள் இரண்டரை மணி நேர முழு ஆட்டத்தை வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த ஆட்டத்தை ஒற்றையர் ஆட்டமாக ஆடுங்கள். போட்டி விதிகளை அப்படியே கடைப்பிடியுங்கள்: 15 வினாடிக்குள் அடிப்பது, ஆட்டத்தின் நடுவில் நாற்காலியை நகர்த்தாமல் இருப்பது, எழுந்து எட்டிப் பார்க்காமல் இருப்பது. தரையில் சம்மணம் போட்டு ஆடிப் பழகியவருக்குப் போட்டியின் நாற்காலியும் ஸ்டாண்டும் முதல் போர்டிலேயே கோணத்தை மாற்றிவிடும். உங்களைவிடச் சற்று நன்றாக ஆடுகிறவரை எதிராளியாகத் தேடிக்கொள்ளுங்கள். அந்த நாளில் வென்றீர்களா என்பதைவிட, கடைசி நான்கு போர்டில் எத்தனை சுலபமான காயைத் தவறவிட்டீர்கள் என்பதை எழுதி வையுங்கள். கவனம் எப்போது தளர்கிறது என்பதை அது காட்டும்.

சாம்பியன்களின் நேரத்தை எப்படிப் பார்ப்பது

வடசென்னையைக் காட்டித்தான் அடுத்த ஆட்சேபம் வரும். கும்மிடிப்பூண்டி ரயில் கடந்து வரும் அதே கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம்தான் புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் இருக்கிறது. அங்குள்ள ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 17 வயதில், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991, 1995 இரண்டு முறையும் உலகப் பட்டம் வென்று, 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்றார். சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988இல் சென்னையில்தான் உருவானது. இவ்வளவு பேர் எழுந்த மண்ணில், வாரம் ஐந்து மணி நேரம் என்பது சோம்பேறியின் கணக்கு இல்லையா?

இல்லை. சாம்பியன்களின் நேரத்தை வேலைக்காரர் தன் அளவுகோலாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. பள்ளிப் பருவத்தில் தொடங்கியவருக்குக் கிடைத்த மாலைகள், முப்பது வயதில் ஷிப்டுக்குப் போகிறவருக்குக் கிடைக்கப்போவதில்லை. ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம் ஆகியவை தேசியப் போட்டிகளுக்குத் தங்கள் கேரம் அணிகளை அனுப்புகின்றன. அந்த அணிகளில் இருப்பவர்களுக்கு ஆட்டம் பணியின் ஒரு பகுதி. உங்களுக்கு அது பணிக்கு வெளியே. வடசென்னையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: போர்டு எப்போதும் விரித்தே இருக்கும் ஓர் இடம், பிழையைப் பார்த்துச் சொல்லும் ஒரு மூத்தவர், நாள் தவறாமல் போகும் பழக்கம். இந்த மூன்றும் பேட்டைதோறும் இருக்கும் கேரம் மன்றங்களின் பலம். இவற்றுக்கு மணி அதிகம் தேவையில்லை, தொடர்ச்சிதான் தேவை.

பத்தாயிரம் மணி நேரம் பழகினால்தான் எதிலும் தேற முடியும் என்ற பேச்சும் இளைஞர்களிடையே ஓடுகிறது. அப்படியானால் வாரம் ஐந்து மணி வீதம் நாற்பது வருடம் ஆகும், ஆரம்பிப்பதே வீண் என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த எண் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூல் அதை உலகெங்கும் பரப்பியது. இருபது வயதில் மிகச் சிறந்த மாணவர்கள் எட்டியிருந்த சராசரி அது. தேர்ச்சிக்கான நுழைவுக் கட்டணம் அன்று. அவர்கள் எண்ணியதும் தனியாகப் பழகிய மணிகளைத்தான். பிறரோடு வாசித்த நேரத்தைத் தனியாக வைத்தார்கள். அர்ஜென்டினாவின் சதுரங்க ஆட்டக்காரர்களை கோபெ, காம்பிடெல்லி இருவரும் ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். அதில் ஒருவர் சுமார் மூவாயிரம் மணியில் மாஸ்டர் தரத்தை எட்டினார். இன்னொருவருக்கு இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் ஆனது. மக்னமாராவும் உடன் ஆய்வாளர் இருவரும் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 26 சதவீதத்தைத்தான் பயிற்சி நேரம் விளக்கியது. ஆக, மணிக் கணக்கு எவரையும் சாம்பியன் ஆக்கும் என்று உறுதி தரவும் முடியாது, எவரையும் தகுதியற்றவர் என்று தள்ளவும் முடியாது. உங்கள் இன்றைய நிலையிலிருந்து முன்னேற என்ன வேண்டும் என்பதே உங்களுக்கான கேள்வி. அதற்கு ஐந்து மணி நேரம் போதும்.

மாவட்ட, மாநிலப் போட்டிகளில் தரவரிசைக்காக ஆட நினைக்கிறவருக்கு மட்டும் இது போதாது. அவருக்கு வாரம் பத்து முதல் பன்னிரண்டு மணி வேண்டும், போட்டி நாட்களுக்கு விடுப்பும் வேண்டும். மேலே போட்ட கணக்குப்படி அது மிஞ்சிய நேரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அந்த முடிவைத் தனியாக எடுக்காதீர்கள். வீட்டாரோடும் மேற்பார்வையாளரோடும் பேசி எடுங்கள். எல்லா வருடமும் அப்படி ஓட முடியாது. ஒரு போட்டியைக் குறிவைத்துப் பன்னிரண்டு வாரம் கூட்டிப் பழகிவிட்டு, மறுபடி ஐந்துக்கு இறங்குவதே நீடிக்கும் வழி.

வீடும் அறையும் மற்றவர் நேரமும்

ஒருவர் கேரத்துக்குக் கொடுக்கும் நேரம் அவருடையது மட்டுமாக இருப்பதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒருவர் ஸ்ட்ரைக்கரை அடிக்கும்போது இரவு ஷிப்டு முடித்த இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். சட்டத்தில் காய் மோதும் சத்தம் சுவரைத் தாண்டும். போர்டைத் திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அடியில் தடித்த போர்வையை மடித்துப் போட்டு, சத்தம் குறைந்த நேர் அடிகளை மட்டும் பழகுங்கள். மொழி தெரியாத இருவரை ஒரே பலகையில் உட்காரவைக்கும் ஆட்டம் இது. பீகாரின் ரஷ்மி குமாரி உலக சாம்பியன் பட்டம் வென்றவர் என்பது தெரிந்தால், அந்தச் சக தொழிலாளியோடு பேச உங்களுக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைக்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த நேரக் கணக்கு இன்னும் கடினம். ஷிப்டு முடிந்த பிறகு சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும். தெருமுனை போர்டில் உட்காரவும் வழியிருக்காது. ஆனால் இந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டின் பெருமை பெண்களாலும் வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அரை மணி, தனியாக, வீட்டுக்குள் என்ற திட்டம் அவர்களுக்கே மிக நன்றாகப் பொருந்துகிறது. அந்த அரை மணி அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரம் ஆடும் ஆண்கள் தங்கள் வீட்டில் இதைச் செய்து கொடுத்தால், வாரத்துக்கு ஒரு முழு ஆட்டம் ஆட நல்ல எதிராளியும் வீட்டிலேயே கிடைப்பார். தொழிற்சாலைகளும் ஓய்வறை போர்டைப் பெண்களுக்கென்று வாரத்தில் சில மணி ஒதுக்கித் தரலாம்.

பந்தயம் வைத்து ஆடாதீர்கள். இதை ஒழுக்க உபதேசமாக மட்டும் சொல்லவில்லை; நேரக் கணக்கின்படியே சொல்கிறேன். பணத்தை இழந்தவர் அதை மீட்கும் வரை எழுந்திருக்க மாட்டார். ஜெயித்தவரை எழுந்திருக்க விடமாட்டார்கள். எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டத்துக்கு வாரத் திட்டத்தில் இடம் இல்லை.

கடைசியாக ஓர் ஆட்சேபம். வேலையில்தான் பஞ்ச் கார்டு, இலக்கு, கணக்கு எல்லாம். விளையாட்டிலும் நோட்டும் கடிகாரமுமா, இதில் சந்தோஷம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் இந்த நூலின் எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. சிரித்துப் பேசி ஆடும் அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு நியாயமான ஓய்வு. ஆனால் நன்றாக ஆட வேண்டும் என்ற ஆசை ஒருவருக்குள் வந்துவிட்ட பிறகு, வருடக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது சந்தோஷம் தராது. நேற்று வராத அடி இன்று வருவதில் ஒரு நிறைவு இருக்கிறது. எட்டு மணி நேரம் பிறருக்காக உழைக்கிற கை, தனக்காக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நிறைவு அது. அதற்கு ஒரு நோட்டும் அரை மணியும் அதிக விலை ஆகாது.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். ஷிப்டு அட்டவணையை எடுத்து, எந்த ஐந்து நாள், எந்தச் செயலுக்குப் பிறகு என்று குறித்து, அதை வீட்டாரிடமும் அறைத் தோழர்களிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட அரை மணியை எல்லோரும் மதிப்பார்கள். சொல்லாமல் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் சண்டை வரும். பன்னிரண்டு வாரம் நாள் தவறாமல் செய்யுங்கள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.